இரண்டு வெள்ளி அதிகம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே தேக்கா சந்தையில் கூட்டம் சேர்ந்துவிடும். ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து, அம்மா நேராக வழக்கமான ஆட்டிறைச்சிக் கடைக்குப் போவார். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். அந்தக் கடைக்காரரை அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். “அண்ணே, குழம்புக்கு ஒரு கிலோ” என்றால் போதும். எந்தத் துண்டு, எவ்வளவு கொழுப்பு, எலும்பை எப்படி வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அன்று மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, இந்த ஆடு எங்கிருந்து வந்தது?”

“ஆஸ்திரேலியாம்மா.”

“ஆஸ்திரேலியாவில் எந்தப் பண்ணை?”

கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அதை ஆட்டைத்தான் கேக்கணும்!”

அம்மாவும் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. பள்ளியில் அவளுக்குக் கொடுத்திருந்த திட்டப்பணியின் தலைப்பே அதுதான்: இறைச்சி எந்தப் பண்ணையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதை அறிய முடிந்தால் பயனீட்டாளர்கள் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பார்களா? இப்படி ஓர் உணவுப் பொருள் வந்த வழியைப் பின்னோக்கிக் கண்டறிவதைத் ‘தடமறிதல்’ என்கிறார்கள்.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் இருவரும் பேரங்காடிக்குள் நுழைந்தார்கள். குளிர்ப்பெட்டியில் இரண்டு வகைக் கோழிப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தது. மற்றொன்றில் பண்ணையின் பெயரும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஒரு குறியீடும் இருந்தன. விலை இரண்டு வெள்ளி அதிகம். மகள் கைப்பேசியைக் காட்டியதும் பசுமையான பண்ணை ஒன்றின் படம் திரையில் விரிந்தது. அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு விலையைப் பார்த்தார். “இந்தப் படம் குழம்புல வேகுமா?” என்று கேட்டுவிட்டு, விலை குறைந்த பொட்டலத்தைக் கூடையில் போட்டார்.

அம்மா கஞ்சத்தனம் பிடித்தவர் அல்லர். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, வரிசையில் நின்று, சொன்ன விலையைக் கொடுத்துப் புதுக்கோழி வாங்கியவர் அவர். அப்போது சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. பெரும்பாலும் உயிருடன் வந்து, இங்கேதான் அறுக்கப்பட்டது. நம் தட்டில் உள்ள கோழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் அது வராமல் போனபோதுதான் எண்ணிப் பார்த்தார்கள். புதுக்கோழியின் வேறுபாட்டை நாக்கு அறியும். அதற்குக் காசு கொடுக்க மனம் தயங்குவதில்லை. பண்ணையின் பெயரை எந்த நாக்கு அறியும்?

அம்மாவைப் போன்றவர்களை ஆய்வாளர்களும் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக்கின்சன், பெய்லி ஆகிய இருவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். “கூடுதல் விலை கொடுப்பீர்களா?” என்று வாயால் கேட்டால் யாரும் தாராளமாகத் தலையாட்டுவார்கள் அல்லவா? அதனால் அவர்கள் ஏலம் நடத்தினார்கள். பங்கேற்றவர்களுக்கு மதிய உணவாக ஒரு சாதாரண இறைச்சி சாண்ட்விச் கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்துவிட்டு, வந்த வழி தெரிந்த இறைச்சி வைத்த சாண்ட்விச்சைப் பெற எவ்வளவு தருவார்கள் என்று அவர்கள் விலை கேட்க வேண்டும். வென்றவர் உண்மையாகவே பணத்தை எடுத்து வைக்க வேண்டும். பங்கேற்றவர்கள் தடமறிதலுக்கும் விலை கேட்டார்கள். ஆனால், கூடுதல் பாதுகாப்புச் சோதனை செய்யப்பட்ட இறைச்சிக்கும் விலங்குகளைத் துன்புறுத்தாமல் வளர்த்த இறைச்சிக்கும் அதைவிட அதிகமாகக் கேட்டார்கள். வெறும் முகவரியை யாரும் பெரிதாக விரும்பவில்லை. அந்த முகவரி எதற்கு உறுதி அளிக்கிறது என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

மகள் இதைப் படித்துக் காட்டியபோது அம்மா, “நானும் அதைத்தானே சொன்னேன்?” என்றார். ஒரு வகையில் உண்மைதான்.

ஆனால், முகவரி தெரியாததால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், கடைகளில் விற்கப்பட்ட 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. அவற்றுள் 10 பர்கர்களில் குதிரையின் மரபணு இருந்தது. தொடர்ந்து வேறு உணவுகளும் சிக்கின. ருமேனியாவில் வெட்டப்பட்ட குதிரையின் இறைச்சி, சைப்ரசிலும் நெதர்லாந்திலும் இருந்த தரகர்களின் கை மாறி, பிரான்ஸ் நிறுவனம் ஒன்றின் வழியாக லக்சம்பர்க் ஆலைக்குப் போய், ‘மாட்டிறைச்சி’ என்ற பெயரோடு பிரிட்டன் கடைகளுக்கு வந்திருந்தது. குதிரை இறைச்சி நஞ்சு அன்று. ஆயினும், தாம் உண்பது எது என்றே தெரியாமல் உண்டிருக்கிறோம் என்பதை மக்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பலர் பக்கத்துத் தெரு இறைச்சிக் கடைக்காரரிடம் திரும்பிப் போனார்கள். சமயக் கட்டுப்பாட்டோடு உண்பவர்களுக்கு இத்தகைய ஏமாற்று இன்னும் எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானின் கதை வேறு. அங்கே 2001 செப்டம்பரில் மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மக்கள் மாட்டிறைச்சியைத் தொடவே அஞ்சினார்கள். 2003-இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு கன்றின் இரு காதுகளிலும் பத்து இலக்க எண் கொண்ட பட்டை பொருத்தப்படும். அது பிறந்த நாள், இனம், வளர்ந்த பண்ணைகள், வெட்டப்பட்ட இடம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணின் கீழ்ப் பதிவாகும். கடையில் விற்கும் இறைச்சிப் பொட்டலத்திலும் அதே எண் இருக்கும். வாங்குபவர் அந்த எண்ணைக் கொண்டு விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். கொத்திறைச்சிக்கு விலக்கு உண்டு. பல மாடுகளின் துண்டுகள் கலந்த பிறகு யார் என்ன செய்ய முடியும்?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானில் விலையுயர்ந்த இறைச்சிக்கு மட்டும் அந்த எண் வழங்கப்படவில்லை. மலிவான துண்டிலும் அது இருக்கும். அங்கே தடமறிதல் என்பது, விரும்பியவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சிறப்புப் பொருள் அன்று. சட்டத்தால் அது எல்லாருக்கும் பொதுவானது.

“அப்படி இல்லை என்றால், இரண்டு வெள்ளி அதிகமாகக் கொடுக்க முடிந்தவருக்குத்தானே விவரம் கிடைக்கும்? முடியாதவர் என்ன செய்வார்?” என்று மகள் கேட்டாள்.

“எண் ஒட்டவும் கணக்கு எழுதவும் செலவாகும். அதையும் கடைசியில் நம்ம தலையிலதான் கட்டுவாங்க” என்றார் அம்மா. வீட்டுச் செலவை மாதந்தோறும் நோட்டில் எழுதுபவரின் பதில் அது. அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

மகள் பையிலிருந்த பொருள்களை எடுத்து வைத்தாள். கடைசியாக முட்டைப் பெட்டி வந்தது. ஒரு முட்டையை எடுத்துத் திருப்பினாள். ஓட்டின் மேல் சிறிய எழுத்துகளும் எண்களும் அச்சாகியிருந்தன.

“அம்மா, இதற்கு எவ்வளவு அதிகமாகக் கொடுத்தீர்கள்?”

“முட்டைக்கு என்ன அதிகம்? எப்பவும் கொடுக்கிற விலைதான்.”

“இதில் பண்ணைக் குறியீடு இருக்கிறதே!”

அம்மாவுக்குச் சட்டென நினைவு வந்தது. 2021 மார்ச் மாதத்தில் மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளில் சால்மொனெல்லா கிருமி இருப்பதாகக் கூறி, சிங்கப்பூர் உணவு அமைப்பு அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னது. அந்தப் பண்ணையின் குறியீட்டைச் செய்தியில் கேட்டதும், அம்மா குளிர்பதனப் பெட்டியிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். எதிலும் அந்தக் குறியீடு இல்லை. அதனால் ஒரு முட்டையைக்கூட வீசாமல் அன்றிரவே அவித்துக் குழம்பு வைத்தார்.

“ஆமா, அன்னைக்குப் பார்த்தேன். அதுக்கப்புறம் பார்த்ததே இல்ல” என்றார்.

பிறகு மேசை மீதிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மகளின் கையிலிருந்த முட்டையை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி, அதிலிருந்த எழுத்துகளை மெல்ல வாசிக்கத் தொடங்கினார்.