மலைக்குள்ள ஒரு தெரு

பெருஜியா. இத்தாலியில உம்ப்ரியா மாநிலத்து மலையூர்.

கீழ பஸ் நிக்கிற இடத்துல இருந்து மேல ஊருக்குள்ள போக எஸ்கலேட்டர் வச்சிருக்காங்க.
பாதியிலேயே இறங்கி நடந்தேன்.

தரைக்கு அடியில ஒரு தெரு!
வாசல், ஜன்னல், சந்து, முட்டுச்சந்து... எல்லாம் இருக்கு.
வானம் மட்டும் இல்ல.

அப்போ இந்த ஊர் போப் ஆட்சிக்குக் கீழ இருந்துச்சு. 1540-ல போப் மூன்றாம் பால் உப்பு வரியை ஏத்தினார். ஊர் எதிர்த்து நின்னுச்சு. தோத்துச்சு.
ஊர்ல செல்வாக்கா இருந்த பால்யோனி குடும்பம் வாழ்ந்த பகுதியையே அஸ்திவாரமாக்கி, அது மேல போப் கோட்டை எழுப்பிட்டார்.
ஜனங்க வாழ்ந்த வீடு மேல!
படிச்சப்போ வராத கோபம், அந்தச் செங்கல் சுவரைத் தொட்டப்போ வந்துச்சு.

போப் ஆட்சி 1860-ல முடிஞ்சதும் ஊர்க்காரங்க கோட்டையை இடிச்சுத் தள்ளினாங்க. அடியில இருந்த தெரு தப்பிச்சுது.

உம்ப்ரியா ரொட்டியில இன்னிக்கும் உப்பு கிடையாது. அந்த வரி மேல இருந்த கோபம்தான் காரணம்னு சொல்றாங்க.
எனக்கு அதை நம்பத்தான் பிடிச்சிருக்கு.

அப்புறம் மேல ஏறி, ஊரைத் தாண்டி வடக்குப் பக்கம் இறங்கினா இன்னொரு அதிசயம்.
13-ஆம் நூற்றாண்டுல பாச்சானோ மலையில இருந்து பெரிய சதுக்கத்து நீரூற்றுக்குத் தண்ணி கொண்டுவந்த கால்வாய். வளைவுத் தூண்கள் மேல போகுது.
இப்போ அதுல தண்ணி இல்ல, ஜனங்க நடக்கிறாங்க.
ரெண்டு பக்கமும் மாடி ஜன்னல்கள், தோள் உயரத்துல.
காலேஜ் பசங்க புத்தகப் பையோட வேகமாப் போறாங்க. ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கிட்டே வணக்கம் சொன்னாங்க.

பழைய வாய்க்காலைத் தூர்க்காம, இப்படி நடைபாதையா மாத்தி வச்சிருக்கிற ஊர் வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?
சொல்லுங்க, போய் நடக்கணும்.