முடி கொடுக்கும் மலை

திருத்தணிக்கு வருகிறவர்களில் பலர் இரண்டு காரியங்களை உத்தேசித்து வருகிறார்கள். ஒன்று, முருகனைத் தரிசிப்பது. மற்றொன்று, தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு ஊர் திரும்புவது. சூரனை வென்ற பிறகு பெருமானின் சினம் தணிந்த இடம் இது என்பது ஐதீகம். ஆகையால் கந்த சஷ்டியின்போது இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான் உண்டு. மலைக்கு ஏறும் படிகள் 365. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படித் திருவிழா நடக்கும். படிகளுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஜனங்கள் மலை ஏறுவார்கள்.

இவ்வூர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரில் வாத்தியாராக இருப்பது சிறிது பெருமையும் சிறிது பயமும் கலந்த உத்தியோகம். வாரம் ஒரு முறையாவது படி ஏறி இறங்குவது என் வழக்கம். சென்ற புது வருஷம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். விடியற்காலையில் இறங்கி வரும்போது, அடிவாரத்துப் பழக்கடையின் ஓரத்தில் யாரோ கழித்துப் போட்ட பழைய கம்பளித் துண்டைப் போல ஏதோ ஒன்று கிடந்தது. அருகே போனேன். கம்பளித் துண்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

அது ஒரு நாய். நம் வீடுகளில் குழந்தைகள் "புசுபுசு நாய்" என்று கொஞ்சுவார்களே, அந்த ஜாதி. ஆனால் புசுபுசுப்பு எல்லாம் எப்போதோ போய்விட்டது. வெள்ளை மயிர் செம்மண் நிறமாகி, காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் சிக்குப் பிடித்துக் கல்லைப் போல் இறுகியிருந்தது. நான் "வா, வா" என்று கூப்பிட்டேன். அது அசையவில்லை.

பழக்காரக் கிழவி சிரித்தாள். "வாத்தியாரே, அதுக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிட்டு, "ரா, ரா, இக்கட ரா!" என்றாள். நாயின் வால் உடனே ஆடிற்று. படித் திருவிழாவுக்குக் காரில் வந்த யாரோ சுவாமி தரிசனம் செய்துவிட்டு, இதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் கடைத்தெருவில் இன்றும் இரண்டு பாஷையும் ஒரே மூச்சில் வழங்குகின்றன. என் தெலுங்கு மளிகைக் கடை வரையில் போதுமானது. நாய்க்கும் அது போதுமென்று தோன்றிற்று. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, இது என்ன?" என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியில் பதிலுக்கு இடமே இல்லை. பிறகு அதன் கண்களைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஒரு நாள்தான்" என்றாள். என் பெண் அதற்குள் "பஞ்சு" என்று பெயரிட்டுவிட்டாள். பெயர் வைத்த பிராணியைத் தெருவில் விட முடியுமா?

முதல் யோசனையைச் சொன்னவர் எதிர் வீட்டுப் பெரியவர். "ஊரே மொட்டை போட்டுக்கொள்ளும் இடம் இது. இதற்கும் ஒரு மொட்டை அடித்துவிட்டால் தீர்ந்தது. வெயிலுக்கும் நல்லது" என்றார். நியாயமாகவே பட்டது. தமிழ்நாட்டில் கோடை வெப்பம் மிகுந்த ஊர்களைச் சொல்லும்போது திருத்தணியின் பெயரும் அடிக்கடி அடிபடும். நல்ல வேளையாக, நாவிதரைத் தேடுவதற்கு முன்னால் கால்நடை டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இளைஞர். சென்னை வேப்பேரிக் கல்லூரியில் படித்தவர். 1903-இல் ஆரம்பித்த அந்தக் கல்லூரி, 1936-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து, கால்நடை வைத்தியத்துக்கு இந்தியாவிலேயே முதன் முதலில் பட்டம் அளித்த கல்லூரி. மொட்டை யோசனையைக் கேட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், இதற்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே நீளமான முரட்டு மயிர். அடியிலே பஞ்சு போன்ற மென்மயிர். இரண்டும் சேர்ந்து குளிரையும் தடுக்கும், வெயில் தோலில் நேராகப் படாமலும் காக்கும். நம்மைப் போல் இதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஒட்டச் சிரைத்துவிட்டால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்குப் பழையபடி மயிர் முளைப்பதே இல்லை. சிக்குதான் சத்துரு, மயிர் அல்ல."

சிக்குக்குள் காற்றுப் புகாது, ஈரம் தங்கும், புண் உண்டாகும், உண்ணிகள் குடியேறும். பஞ்சுவிடம் மூன்றும் இருந்தன. ஈறுகள் வெளிறியிருந்தன, ஜுரமும் இருந்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, உண்ணியினால் வரும் காய்ச்சல் என்று சொல்லி, நான்கு வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார். "பிழைக்குமா?" என்று என் பெண் கேட்டாள். "மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தால் பிழைக்கும்" என்றார். வீட்டுப் பாடத்தை மறக்கும் என் பெண் மாத்திரையை மறக்கவில்லை.

சிக்கெடுப்பது ஒரு தனிக் கலை. தண்ணீர் பட்டால் சிக்கு இன்னும் இறுகும். ஆகையால் குளிப்பாட்டுவதற்கு முன்னால்தான் சிக்கெடுக்க வேண்டும். நாங்கள் முதலில் செய்தது இதற்கு நேர் விரோதம். இறுகிய முடிச்சுகளை மட்டும் டாக்டர் வெட்டி எடுத்தார். மற்றவற்றை நாங்கள் மூன்று மாலைகளில், விரலால் பிரித்து, பிறகு கம்பிப் பல் வைத்த தூரிகையால் வாரினோம். மேலாக வாரினால் பார்வைக்கு அழகாயிருக்கும். அடியில் சிக்கு அப்படியே இருக்கும். மயிரைக் கையால் விலக்கித் தோல் தெரியும்படி வகிடு எடுத்து, வரிசை வரிசையாக அடியிலிருந்து வார வேண்டும். நம் சோப்பு நாயின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்கென்று உள்ளதையே உபயோகிக்க வேண்டும். குளித்த பிறகு அடிமயிர் வரையில் உலர்த்தியாக வேண்டும்.

சிறு நாய்களுக்கு வேறு பலவீனங்களும் உண்டு. மூச்சுக்குழாய் மெல்லியது, ஆகையால் கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுப்பதைவிட மார்புப் பட்டை நல்லது. சின்ன வாயில் பற்கள் நெருங்கி முளைப்பதால் சீக்கிரம் கெடும். முழங்கால் சில்லு இடம் பெயர்வதும் உண்டு. தடுப்பூசிகளைத் தவறவிடக்கூடாது, வெறிநோய் ஊசியோ நாய்க்கு மட்டுமல்ல, வீட்டுக்கே பாதுகாப்பு. எங்கள் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு: பிரசாதமாயிற்றே என்று பஞ்சாமிர்தத்தை நாய்க்கு ஊட்டிவிடாதீர்கள். அதில் சேரும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட வடையும் ஆகாது.

மாசி பிறப்பதற்குள் பஞ்சு எழுந்து ஓட ஆரம்பித்தாள். சித்திரையில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி வந்துவிட்டது. "இன்றைக்கு ஒரு நாள்தான்" என்ற பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

வைகாசி விடுமுறையில் ஒரு பிரயாணம் வாய்த்தது. கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர், உதகமண்டலத்தில் மே மாதந்தோறும் நடக்கும் நாய்க் கண்காட்சியைப் பார்க்க அழைத்தார். தென்னிந்திய கென்னல் கிளப்பார் அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடத்துவது அது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப் பாதையில் ஏறினோம். குன்னூரில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தின் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் பெண் வெறிநாய்க்கடியால் மாண்டாள். அப்போது தென்னாட்டில் அதற்கு வைத்தியமே இல்லை. இமயமலைச் சாரலில் காசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்த மரணத்தின் பயனாக 1907-இல் எழுந்தது இந்த நிலையம். நாய் அழகைப் பார்க்கப் போகிறவன் முதலில் இதைப் பார்ப்பது நல்லதென்று எனக்குத் தோன்றிற்று.

மைதானத்தில் ஒரே கோலாகலம். கன்றுக்குட்டிகள் போன்ற நாய்கள், எலிக்குட்டிகள் போன்ற நாய்கள்! சடை வளர்த்த சிறு நாய்களின் பகுதியில்தான் நான் வெகு நேரம் நின்றேன். திபேத்திலிருந்து வந்த லாசா அப்சோவுக்குத் தரையைத் துடைக்கும் மயிர், நடுமுதுகில் வகிடு. அதன் சொந்தக்காரர் ஒரு மணி நேரம் வாரினார். நாயோ யோகியைப் போல் கண்ணை மூடி நின்றது. சிறு நாய்களை ஒரு மேஜையின்மேல் நிறுத்துகிறார்கள். நீதிபதி பல்லைப் பார்க்கிறார். மயிருக்குள் கையை விட்டு எலும்பின் அமைப்பைத் தடவிப் பார்க்கிறார். மயிர் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் கையை ஏமாற்ற முடியாது. பிறகு நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிடுவது மட்டும் அல்ல; அந்தந்த ஜாதிக்கென்று எழுதி வைத்த இலக்கணத்தோடு ஒப்பிடுவதே முக்கியம். விடைத்தாள் திருத்தும் எனக்கு இது சுலபமாக விளங்கிற்று.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் வந்திருந்தன. ஒட்டிய மயிரும் உறுதியான காலுமாக நம் கரிசல் வெயிலுக்கென்றே உருவான நாய்கள். 2005-ஆம் வருஷம் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்கு முத்திரை வெளியிட்டுக் கௌரவித்தது. ஆனால் கூட்டம் என்னவோ சடை நாய்களைச் சுற்றித்தான்!

கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மாளிடம் கைப்பேசியில் பஞ்சுவின் படத்தைக் காட்டினேன். "இது பொமரேனியன் இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ்" என்றார். பால்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா தேசத்தின் பெயரைத் தாங்கிய ஜாதி பொமரேனியன். நம் ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888-இல் விக்டோரியா மகாராணி பிளாரன்ஸ் நகரில் மார்க்கோ என்ற நாயை வாங்கினார். 1891-இல் லண்டன் கண்காட்சிக்கும் தம் நாய்களை அனுப்பினார். அதன் பிறகுதான் அந்த ஜாதி மேலும் மேலும் சிறுத்து, மூன்று கிலோவுக்குள் அடங்கிற்று. இந்தியன் ஸ்பிட்ஸோ, வெள்ளைக்காரர் கொண்டுவந்த நாய்களின் சந்ததியாகப் பல தலைமுறைகள் இங்கேயே வளர்ந்து, நம் வெயிலை ஓரளவு பழகிக்கொண்டது. "வம்சாவளிப் பத்திரம் இருக்கிறதா?" என்று அம்மாள் கேட்டார். "பழக்கடை வாசலில் கிடைத்தது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் நன்றாக வாரியிருக்கிறீர்கள்" என்றார். என் பி.ஏ. பட்டத்தைவிட அந்த நற்சாட்சி எனக்குப் பெரிதாயிருந்தது.

அன்று மாலையே வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மத்தியான வெயிலில் மின்சாரம் நின்றுவிட்டது. பஞ்சு கூடத்தில் சுருண்டு விழுந்து, நாக்குக் கறுக்க இரைத்திருக்கிறாள். என் மனைவி ஈரத் துண்டை எடுத்துப் போர்த்தியிருக்கிறாள். தொலைபேசியில் டாக்டர், "அம்மா, துண்டை எடுங்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். மயிரை விலக்கித் தோலில் படும்படி சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள், ஐஸ் வேண்டாம். விசிறிக்கொண்டே கொண்டு வாருங்கள்" என்றாராம். ஆட்டோவில், மடியில் நாயை வைத்து, பனையோலை விசிறியால் வழியெல்லாம் விசிறிக்கொண்டு போயிருக்கிறாள். நாய்க்கு நூற்றிரண்டு டிகிரி சகஜம். அன்று நூற்றைந்துக்கும் மேலே! இரவு எட்டு மணிக்குத்தான் அது தலையைத் தூக்கிற்று.

நான் ஊர் திரும்பியபோது பஞ்சு வாலை ஆட்டி வரவேற்றாள். அவளைக் கவனித்ததில், மனைவியின் தலையை மறுநாள்தான் கவனித்தேன். பின்னல் நுனியில் மூன்று விரற்கடை குறைந்திருந்தது.

"பூமுடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்" என்றாள். "அதன் முடியைத்தான் எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே! யாராவது கொடுக்க வேண்டாமா?"

நேயர்களே, கண்காட்சி மேடையில் நின்ற நாயையும் அடிவாரத்தில் கிடந்த நாயையும் நான் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே இருப்பது அன்றாடம் அரை மணி நேரம் தூரிகை பிடிக்கிற ஒரு கை. அந்த அரை மணி உங்களிடம் இருந்தால் சடை நாயை வளர்க்கலாம். இல்லாவிட்டால் தெருவில் பிறந்த நம் நாட்டுக் குட்டி ஒன்றை வளர்க்கலாம். அதுவும் குறைவின்றி வாலை ஆட்டும். ஆனால் வளர்த்ததைக் கொண்டுவந்து திருத்தணி அடிவாரத்தில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த மலையில் காணிக்கையாக வாங்கிக்கொள்வது முடியைத்தான்.