ரோஸ் என்றால் எட்டுக் கிலோ

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது ரோஸ் நிற வினைல் உறை போட்ட 4 கிலோ கெட்டில்பெல். “லேடீஸ் இதுதான் மேடம் வாங்குவாங்க” என்றார். அன்று காலைதான் நிறைந்த கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டி வந்து நிமிர்த்தியிருந்தேன். வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அது லேடீஸுக்குக் கனம் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. எடைப் பயிற்சி அதை மட்டுப்படுத்த உதவும். அதற்காகத்தான் கடைக்குப் போயிருந்தேன்.

கெட்டில்பெல், பெரிய பூட்டைப் போன்ற இரும்புக் குண்டு. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்தது. இன்று கடையில் பல வகை. வினைல் உறைக்குள் சில நேரம் சிமெண்டுதான் இருக்கும். எடைக்கு மீறிப் பருத்திருக்கும். வார்ப்பிரும்பில் எடை கூடக்கூடக் குண்டும் பெரிதாகும். போட்டிகளுக்கான எஃகு கெட்டில்பெல் 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே அளவு. எடையைக் கூட்டினாலும் முன்கையில் அது சாயும் இடம் மாறாது. பழகிய அசைவும் மாறாது. எடையை நிறம் சொல்லும்: ரோஸ் 8, நீலம் 12, மஞ்சள் 16. அங்கே ரோஸ் யாருடைய நிறமும் இல்லை. எட்டுக் கிலோ தூக்குகிற எவருக்கும் அதுதான்.

எனக்கு வேண்டியது இரண்டு கையாலும் பிடித்து வீசும் ஸ்விங். போட்டி வகையின் கைப்பிடி குறுகலாக இருந்தது. இரண்டு கையும் நெருக்கியடித்தன. வார்ப்பிரும்பில் தாராளமாக இடம் இருந்தது. கைப்பிடியின் உள்பக்கம் விரலை ஓட்டினேன். வார்ப்பின் பிசிறு இருந்தால் உள்ளங்கை கிழியும். எட்டுக் கிலோவைத் தலைக்கு மேல் தூக்கத் தோள் திணறியது. ஸ்விங்கிலோ அது காற்றாய்ப் பறந்தது. ஸ்விங்கில் வேலை செய்வது இடுப்பும் தொடையும். அவை தோளைவிட வலுவானவை. பன்னிரண்டை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் இரண்டு முறை “கன்ஃபார்மா மேடம்?” என்று கேட்டார்.

வீட்டில் அம்மா கேட்டார்: “தூக்குனதெல்லாம் போதாதா? காசு குடுத்து வேற தூக்கணுமா?”

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். அம்மா முப்பது வருடம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர். எப்போதும் இடது இடுப்பில்தான் குடம். காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் அதே எடை. பயிற்சியில் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும், ஓய்வு நாள் உண்டு, வலித்தால் கீழே வைத்துவிடலாம். அம்மாவுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது இடுப்பு வலி.

இதை அவரிடம் சொன்னேன். கெட்டில்பெல்லைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

“எத்தன கிலோ?”

“பன்னெண்டு.”

“குடம் இதவிடக் கனம்” என்றார்.

நிறைகுடம் 15 லிட்டர், 15 கிலோ. அவர் சொன்னது சரி. அதை இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை, நான் உட்பட.