அகரவரிசைக்கு ஒரு ஹூக்

திங்கள்

வேர்ட்பிரஸில் ஓடும் நூலகத் தளத்தின் புத்தகப் பட்டியலை நூலகர் அம்மா விரல் வைத்துக் காட்டினார். "தம்பி, 'பகல்' மேல வருது, 'பக்கம்' கீழ கிடக்கு. எந்த அகராதியில இப்படி இருக்கு?"

நியாயமான கேள்வி. 'க்' முன்னால், 'க' பின்னால் என்பதுதான் நம் வரிசை. யூனிகோடிலோ 'க்' தனி எழுத்தல்ல. 'க' போட்டு அதன் பின் ஒரு புள்ளி. 'பக்கம்', 'பகல்' இரண்டிலும் மூன்றாவது இடத்தில் டேட்டாபேஸ் புள்ளியையும் 'ல'வையும் ஒப்பிடுகிறது. புள்ளியின் மதிப்பு பெரியது, எனவே பகல் முந்திவிடுகிறது. தமிழ் நூலகத்தில் தமிழ் வரிசை பிசகி நிற்பதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செவ்வாய்

புத்தகங்களை எடுத்து வந்தபின் பிஎச்பியில் அடுக்கலாமே என்றார் நண்பர். ஒரு பக்கத்துக்குப் பத்து என்று வந்தால் அந்தப் பத்துக்குள்தான் வரிசை சரியாகும். முழுப் பட்டியல் அப்படியே கலைந்து கிடக்கும். குவெரியிலேயே கை வைத்தாக வேண்டும். அதற்காக வேர்ட்பிரஸின் கோர் ஃபைலைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோகும். ஃபில்டர் ஹூக் இருக்கும்போது அந்த வழிக்கே போகக் கூடாது. டபிள்யூபி_குவெரி தன் எஸ்க்யூஎல்லை முடிப்பதற்கு முன், வேர், ஜாயின், ஆர்டர்பை பகுதிகளை 'போஸ்ட்ஸ்_க்ளாசஸ்' ஃபில்டர் வழியாக நம் கையில் தருகிறது. மாற்றிவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். 2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸை இத்தனை பேர் இத்தனை விதமாக வளைக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான் என்பது என் எண்ணம்.

வியாழன்

வரிசைச் சாவி தயார். ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்கம்: முன்னிரண்டு மெய்க்கு, பின்னிரண்டு உயிருக்கு. புள்ளி என்றால் 00. 'க்' 1400, 'க' 1401. 'ப' 2201. ஆக 'பக்கம்' 22011400 என்று தொடங்கும், 'பகல்' 22011401 என்று. புத்தகத்தைச் சேமிக்கும்போதே 'சேவ்_போஸ்ட்' ஹூக்கில் சாவியைக் கணக்கிட்டு போஸ்ட்மெட்டாவில் போட்டுவிடுகிறேன்.

மெட்டா கீயைக் கொடுத்து 'ஆர்டர்பை' போட்டாலே போதாதா? போதாது. அது இன்னர் ஜாயின். சாவி இல்லாத புத்தகம் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். நூலகப் பட்டியலில் அதைவிடப் பெரிய கேடு இல்லை. அதனால் ஃபில்டரில் லெஃப்ட் ஜாயின். மெட்டா கீ நிபந்தனையை 'ஆன்' பகுதியில்தான் எழுத வேண்டும். 'வேர்' பகுதிக்குக் கொண்டுபோனால் லெஃப்ட் ஜாயினே பயனற்றுப் போகும். மைஎஸ்க்யூஎல்லில் ஏறுவரிசை என்றால் நல் (வெற்று) மதிப்புகள் முதலில் வரும். ஆகவே ஆர்டர்பையில் முதலில் 'சாவி நல் மதிப்பா' என்ற சோதனை, பிறகு சாவி, கடைசியில் தலைப்பு.

வெள்ளி

இன்று முழுக்க எல்லை போடும் வேலை. ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தால், ஃபில்டர்களை அடக்காத எல்லா குவெரிக்கும் அது பாயும், அட்மின் பக்கம் உட்பட. எனவே பட்டியல் குவெரிக்கு மட்டும் ஒரு அடையாள வேரியபிள் வைத்தேன். அது இல்லாவிட்டால் வந்த பகுதிகளை அப்படியே திருப்பித் தரும். அடையாளத்தைப் பார்க்க குவெரி ஆப்ஜெக்ட் வேண்டும். 'ஆட்_ஃபில்டர்' இயல்பில் ஒரு ஆர்க்யுமென்ட்தான் அனுப்பும், 2 என்று கேட்டு வாங்க வேண்டும். 'கெட்_போஸ்ட்ஸ்' இயல்பாகவே இந்த ஃபில்டர்களை அடக்கிவிடும் என்பதால் பட்டியலை டபிள்யூபி_குவெரியிலேயே எழுதியிருக்கிறேன்.

சனி

நூலகர் அம்மா 'ப' வரிசையைப் பார்த்தார். "இப்பத்தான் சரி" என்றவர் உடனே 'ஸ்ரீ' எங்கே என்று தேடினார். இரண்டு இடத்தில் கிடைத்தது. சில தலைப்புகளில் 'ஸ' போட்டு எழுதியது, சிலவற்றில் 'ஶ' போட்டு எழுதியது. திரையில் வித்தியாசமே தெரியவில்லை. 'கொ'விலும் இதே சிக்கல் உண்டு: ஒற்றைக் குறியாகவும் வரும், இரு குறிகளாகவும் வரும். சாவி போடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பழைய புத்தகங்களுக்குத் திங்களன்று மறுபடி ஓட்ட வேண்டும். ஃபில்டரில் ஒரு வரிகூட மாறாது.