கரும்பலகையில் எழுதிய பெயர்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் திங்களில் பள்ளி திறந்து, மாணவத் தலைவர்கள் பொறுப்பேற்கும் நாள் வரும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கரும்பலகை வந்து நிற்கும். அதன் இடப்பக்க மூலையில் சுண்ணக்கட்டியால் எழுதிய ஒரு பெயர் இருக்கும். எழுதியவன் நான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயரை என்னால் அழிக்க முடியவில்லை.

1983-ஆம் ஆண்டு. கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஒன்றில் விடுதி மாணவனாக எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் மதிப்பெண் பெறுகிறவன், பீடச் சிறுவன், பின்னாளில் குருமடம் செல்ல இருப்பவன் என்னும் மூன்று தகுதிகளால் வகுப்புத் தலைவன் ஆக்கப்பட்டேன். தலைவனுடைய கடமை இன்னதென எவரும் விளக்கவில்லை. விளக்கவேண்டிய தேவையும் எழவில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதவேண்டும். மீண்டும் பேசினால் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வந்ததும் குறிக்கு ஓர் அடி. இதுவே தலைமை என்று நம்பினேன். அந்தச் சுண்ணக்கட்டியைப் பிடித்தபோது என் கையில் செங்கோல் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கடைசிப் பெஞ்சில் ஒரு மாணவன் இருந்தான். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து நாள்தோறும் நடந்து வருகிறவன். எப்போதும் அடுத்தவன் காதருகே குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் பெயரை நான் எழுதாத நாள் இல்லை. அவன் அடி வாங்காத நாளும் இல்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியரும் கேட்கவில்லை. தலைவனாகிய நானும் கேட்கவில்லை. சில வாரங்களில் பதிவேட்டிலிருந்து அவன் பெயர் நீங்கிற்று.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. திருத்தொண்டராக ஒரு சிற்றூர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த கொத்து வேலைக்காரர் ஒருவர் அருகில் வந்து, "சாமி, நீங்க நம்ம கிளாஸ் லீடர்தானே?" என்றார். அவனேதான். இருபத்திரண்டாம் வயதில், இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்றில் கிடைத்த கண்ணாடி அது. "சின்ன வயசுல எனக்குப் போர்டு எழுத்தே தெரியாது சாமி. சார் என்ன எழுதிப் போட்டிருக்காருன்னுதான் பக்கத்துப் பையன்கிட்டக் கேப்பேன். என் பேரை நீங்க எழுதுனதுகூட அடி விழுந்த பெறகுதான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் குரலில் கசப்பு இல்லை. என்னால் சிரிக்க இயலவில்லை. எங்கள் இருவரில் உண்மையில் பார்வையற்றிருந்தவன் யார் என்னும் கேள்வியோடு அன்றிரவு கோயிலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டைனின் வாழ்க்கை, அதற்குப் பின்னரே எனக்கு உயிருள்ளதாயிற்று. அவர் குருமட மாணவராக விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, தம்மோடு படித்துவிட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன நண்பர்கள் தம்மை அந்நியராகப் பார்ப்பதைக் கண்டு மனம் நொந்தார். அந்த வேதனையே பின்னர் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக உருவெடுத்தது. பார், சிந்தி, செயல்படு என்னும் அவரது வழிமுறையைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1961-இல் தம் சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். அந்த மூன்று சொற்களையும் குருமடத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். முதற் சொல்லே என் வகுப்பறையில் தவறியிருந்தது என்பதை ஒரு கொத்துத் தொழிலாளியிடமிருந்து கற்றேன்.

2014-இல் ஒரு பங்கின் பொறுப்பேற்று, அங்குள்ள உயர்நிலைப்பள்ளிக்குத் தாளாளரானேன். மாணவரை அடித்தலை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆயினும் பலகையில் பெயர் எழுதும் வழக்கம் அப்படியே இருந்தது. மாணவத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, 'உனக்கு ஒரு துன்பம் வந்தால் இப்பள்ளியில் யாரிடம் சொல்வாய்?' என்று மட்டும் எழுதச் சொன்னேன். மிகுதியான தாள்களில் இருந்தது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர். நடுத்தர மதிப்பெண். இந்துக் குடும்பம். ஊரின் கடைக்கோடித் தெரு.

அன்று மாலையே பங்கின் பெரியவர்கள் சிலர் என் அறைக்கு வந்தனர். "நம்ம பள்ளிக்கூடம் சாமி. நம்ம பிள்ளைங்க இத்தனை பேரு இருக்கும்போது..." என்று நிறுத்தினார்கள். முடிக்காமல் விட்ட அவ்வாக்கியத்தில் மதமும் இருந்தது, சாதியும் இருந்தது. கோயில் மேற்கூரைப் பணிக்கு அவர்களுடைய நன்கொடையையே நம்பியிருந்த நேரம். இரண்டு இரவுகள் தடுமாறினேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று மண்டியிட்டுப் பிறர் பாதங்களைக் கழுவுகிற இந்தக் கைகள், ஒரு சிறுமி பெற்ற நம்பிக்கையை மட்டும் தள்ளிவிடலாமா என்ற எண்ணமே என்னை நிலைநிறுத்தியது. அவளே தலைவி ஆனாள். இரு குடும்பங்கள் நன்கொடையை நிறுத்தின. ஒருவர் தம் மகனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்.

பொறுப்பேற்ற மறுநாள் அவள் என்னிடம் வந்து, "ஃபாதர், பேசுறவங்க பேரை எழுத வேண்டாம். வராதவங்க பேரை எழுதலாமா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு ஈடான மறையுரையை நான் நிகழ்த்தியதில்லை.

அன்றுமுதல் ஒவ்வொரு வகுப்புப் பலகையின் மூலையிலும் வராதவர் பெயர் எழுதப்பட்டது. மாலையில் உடன் பயிலும் இருவர், பாடக் குறிப்போடு அவ்வீட்டுக்குச் சென்றனர். தாய் நாற்று நடப் போவதால் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த சிறுமியைக் கண்டார்கள். கிழிந்த சீருடைக்கு வெட்கி ஒளிந்திருந்த சிறுவனைக் கண்டார்கள். தங்கள் பெற்றோர் கால் வைத்திராத தெருக்களில் பிள்ளைகள் நடந்தார்கள். தங்கள் பெற்றோர் தண்ணீர் அருந்தியிராத வீடுகளில் அருந்தினார்கள். நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த ஒரு குழும வாழ்வு கத்தோலிக்கப் பள்ளியில் உருவாகவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் விரும்பியதன் பொருள், ஒரு செம்பு நீரில் எனக்கு விளங்கிற்று.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுடைய குடும்பம், செங்கற்சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அவனை மீட்க முடியவில்லை. ஆண்டு முடியும்வரை அவன் பெயர் பலகையில் இருந்தது. அழிக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள்.

தொன் போஸ்கோவின் பள்ளியில் 1856-இல் புனித தோமினிக் சாவியோ தோழர்களைக் கூட்டி அமலோற்பவ அன்னையின் சங்கத்தைத் தொடங்கியபோது, புதிதாய் வந்தவனையும் எவருடனும் ஒட்டாதவனையும் தேடிச் சென்று நட்புக் கொள்வதே அதன் உறுப்பினர்களின் பணியாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினான்கு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிய ஆயனின் உள்ளத்தைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு வயது போதாது என்று எண்ணுவது நம் பிழையே.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது, எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று கேளுங்கள், தவறில்லை. அதற்குமுன் ஒன்று கேளுங்கள்: இன்று யார் வரவில்லை? விடை தெரியாவிட்டால், மறுநாள் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். 1983-இல் அக்கேள்வியை எவரேனும் என்னிடம் கேட்டிருந்தால், ஒரு சிறுவன் பலகையைப் பார்க்க எட்டு ஆண்டுகள் காத்திருந்திருக்க மாட்டான்.