ஒரே நாளில் 993 மில்லிமீற்றர்

சீனன்குடா என்றதும் பிறீமா மா ஆலை, விமானப்படைத் தளம், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் என்றுதான் எவருக்கும் நினைவு வரும். நான் போனது அங்கே ஒரு வீட்டு மேசையில் நடக்கும் வேலையைப் பார்க்க. அந்த வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவர். வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காக வானிலைத் தரவைப் படித்துத் திருத்தும் மென்பொருள் எழுதுகிறார்.

திரையில் ஐந்தைந்து இலக்கங்களாக எண்கள் ஓடின. “43418 எண்டால் எங்கட திருகோணமலை, அங்கிள். உலகம் முழுக்க எங்களை அந்த நம்பராலதான் தெரியும்” என்றார். அடுத்து 10284. முதல் ஒன்று வெப்பநிலையைக் குறிக்கிறது, அதன் பின்னுள்ள பூச்சியம், சுழியத்துக்கு மேல் என்பதைச் சொல்கிறது, மிச்சம் 28.4 பாகை. தந்திச் செலவைச் சுருக்கப் பிறந்த குறிமுறை இது. இன்று உலகம் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டாலும், பல பத்தாண்டுப் பழைய அவதானிப்புகள் இந்த எண்களில்தான் கிடக்கின்றன.

பிறகு 69934 என்ற தொகுதியைக் காட்டினார். ஆறு என்றால் மழை. கடைசி நான்கு, முந்தைய 24 மணித்தியாலம். நடுவில் இருப்பது 993. திருகோணமலையின் ஒரு வருட மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியதா? இல்லை. 990 என்றால் அளக்க முடியாத தூறல். 991 முதல் 999 வரை உள்ளவை ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகள். அன்று பெய்தது 0.3 மில்லிமீற்றர். வானிலை தெரியாமல் நிரல் மட்டும் தெரிந்தவர் இதிலேயே வெள்ளம் வரவைத்துவிடுவார்.

இதைவிட ஆபத்தானது அமுக்கம். 40112 என்றால் 1011.2 ஹெக்டோபாஸ்கல். ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். ‘எப்போதும் ஆயிரத்தைக் கூட்டு’ என்று நிரல் எழுதினால் சாதாரண நாளில் எல்லாம் சரியாகவே ஓடும். சூறாவளி நெருங்கி அமுக்கம் 998.5 ஆக இறங்கும்போது வருவது 49985. நிரல் அதை 1998.5 என்று படிக்கும். அடுத்த கட்டத்தில் தரச் சோதனை, ‘நடக்க முடியாத எண்’ என்று அதைத் தூக்கி வீசும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தது போன்ற ஒரு நாளில், எந்த எண் மிக முக்கியமோ அதுவே காணாமல் போய்விடும்.

நேரத்திலும் கண்ணி உண்டு. 1996இல் இலங்கை மணிக்கூட்டை முன்தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. அக்காலத்து மழைப் பதிவேடொன்றில் காலை 8.30 என்று எழுதியிருந்தால், அது எந்த 8.30? இங்கே வாழ்ந்தவருக்குத்தான் இந்தக் கேள்வியே தோன்றும்.

இப்படியான ஒவ்வொரு கண்ணியையும் அவர் ஒரு சோதனையாக எழுதி வைத்திருக்கிறார். நிரலில் ஒரு வரி மாறினாலும் எல்லாச் சோதனைகளும் மீண்டும் ஓடுகின்றன. “எழுதிறதைவிட சோதிக்கிறதுக்குத்தான் கூட நேரம் போகும்” என்றார்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைகள் மென்பொருள் என்றதும் கைபேசிச் செயலிகளையும் வங்கிக் கணக்குகளையுமே நினைக்கிறார்கள். வானிலையைக் கணிக்கும் டபிள்யூ.ஆர்.எப். போன்ற பெரிய மாதிரிகள் போர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு, எவரும் இறக்கிப் படிக்கும்படி இலவசமாகக் கிடைக்கின்றன. பைதன் நிரல்மொழியும் இலவசம்தான். வெப்பவியக்கவியல் பாடத்தைப் பரீட்சையோடு மூடிவிடாத ஒருவர் நிரலாக்கமும் கற்றால் இந்தத் தொழிலுக்குள் நுழையலாம். வங்கக் கடலைப் பார்த்திருக்கும் நம் கரைக்கு இரண்டும் தெரிந்தவர்கள் தேவை. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.