பாட்டிக்கு ஒரு வாரம் பாக்கி!

ஒரு பழைய பைண்டிங் புக், ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் தி.நகர்...

"டேய், சனிக்கிழமை தி.நகர்தானே போற? வரும்போது எனக்கு ஒரு வாரம் வாங்கிட்டு வா."

இது எங்க பாட்டி போட்ட ஆர்டர். புரியலைதானே? எனக்கும் முதல்ல புரியலை. பாட்டி பீரோவின் அடித்தட்டைத் திறந்து, பச்சை காலிகோ துணி ஒட்டிய ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி - பத்மினி நடித்து 1968ல் வந்த படம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து வருஷம் முன்னாடி, 1957-58ல் அது ஆனந்த விகடனில் தொடர்கதை. 'கலைமணி' என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுத, கோபுலு படம் வரைந்தார். பாட்டிக்கு அப்போ 13 வயசு, ஊர் மாயவரம். பாட்டியோட அம்மா, வாராவாரம் தொடர் வந்த பக்கங்களை மட்டும் கிழித்து, ஊசி நூலால் கோத்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து 'ஃபுல் சீசன் டவுன்லோட்'!

அதில் நடுவில் ஒரே ஒரு வாரம் இல்லை. அந்த வாரத்தைத்தான் வாங்கி வரச் சொல்கிறார் பாட்டி. என்னமோ கால் கிலோ கத்திரிக்காய் மாதிரி.

எங்க எடிட்டரும் அதே வாரம்தான் ஒரு அசைன்மென்ட் கொடுத்திருந்தார். "தி.நகரைப் பத்தி எழுது. ஆனா பட்டுப் புடவை, தங்கம், ரங்கநாதன் தெரு நெரிசல், மாங்கா பத்தை... இந்த நாலும் வரக்கூடாது!" சென்னையில் பிறந்து, இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு அந்த நாலைத் தவிர தி.நகரில் வேறென்ன தெரியும்? சரி, பாட்டியோட வாரத்தைத் தேடுவோம், கூடவே கட்டுரையும் கிடைக்கும் என்று கிளம்பிவிட்டேன். ஒரு டிக்கெட்டில் ரெண்டு படம்!

ஆகாயத்தில் ஒரு நடை

மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போக இப்போ சுலபமான வழி, 2023ல் திறந்த நடைமேம்பாலம். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் மேலேயே நடந்துவிடலாம். கீழே தெரிகிற இந்த ஊர் முழுக்க நூறு வருஷம் முன்னாடி ஏரியும் ஏரிக்கரையும். 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்புக்கு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். நடுவில் உள்ள பார்க்குக்குப் பனகல் அரசர் பெயர். சௌந்தரபாண்டியன் அங்காடிதான் நம்ம வாயில் புகுந்து 'பாண்டி பஜார்' ஆனது.

முதல் ஸ்டாப், பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற பழைய புத்தகக் கடை. "அண்ணே, 1957 விகடன் இருக்கா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, 2017 விகடனே எடைக்குப் போயிடுச்சு. கேட் கோச்சிங் புக் வேணுமா?"

ஆனால் போகிற போக்கில் ஒரு நல்ல வழி சொன்னார். "பழைய தொடர்கதைன்னா பைண்டரைக் கேளு. குடுத்துட்டு வாங்காமப் போனவங்க நிறைய பேரு."

பதினாறு பக்க கணக்கு

பைண்டிங் கடை என்றால் பத்துக்குப் பத்து ரூம். ஒரு மரப் பலகை, ஒரு கட்டிங் மெஷின், மூலையில் பசை வாளி. மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்கிறார்கள், பூச்சி வராமல் இருக்க. வேலையில் பெரும்பகுதி நம்ம மாதிரி பசங்களோட புராஜெக்ட் ரிப்போர்ட்தான். அதுவும் கடைசி நாள் ராத்திரி!

பெரியவர் நான் கொண்டுபோன பாட்டி புத்தகத்தை வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தார். அப்புறம் முதுகைத் தடவினார். "கைத்தையல். நல்லா பண்ணியிருக்கான்" என்றார், அறுபது வருஷத்துக்கு மேலான வேலையை நேற்று முடித்த மாதிரி.

எங்க காலேஜில் யாரும் சொல்லித்தராத ஒரு இன்ஜினீயரிங் பாடத்தை அவர் ஒரு பேப்பரை வைத்தே நடத்தினார். ஒரு பெரிய ஷீட்டை மூணு தடவை மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். அச்சுத் தொழிலில் அதற்கு 'ஃபாரம்' என்று பேர். அதனால்தான் பத்திரிகைக்காரர்கள் "ரெண்டு பக்கம் சேர்க்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது. நடுவில் பின் அடிக்கிற வாரப் பத்திரிகையில் முதல் இலையும் கடைசி இலையும் ஒரே தாள். ஒன்றைக் கிழித்தால் இன்னொன்று கழன்று விழும். தொடர்கதையைக் கிழித்து எடுத்தவர்கள் எல்லாம் மீதிப் பத்திரிகையை எவ்வளவு பக்குவமாகப் படித்திருக்க வேண்டும்!

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் வேறு என்னென்னமோ இருக்கிறது. ஒரு ஹேர் ஆயில் விளம்பரம். யாரோ எழுதிய சிறுகதையின் தொடக்கம், முடிவு இல்லாமல். ஒரு ஜோக்கின் முதல் பாதி. டாக்டர் கேள்வி கேட்கிறார், பேஷன்ட் என்ன சொன்னார் என்பது அடுத்த பக்கத்தில். அந்தப் பக்கம் 1957லேயே அடுப்பு பற்றவைக்கப் போயிருக்கும்.

"புக்கா வாங்கினா கதை மட்டும்தான் இருக்கும் தம்பி. இதுல அந்த வாரமே இருக்கு" என்றார் பெரியவர்.

கடையில் வாங்காமல் போன பைண்டிங்குகள் ஒரு அடுக்கு இருந்தன. எல்லாவற்றையும் புரட்டினேன். மோகனாம்பாள் இல்லை.

புத்தக ஊர்

இன்னொரு தி.நகர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாண்டி பஜாரில் எத்தனையோ தடவை சட்டை எடுத்திருக்கிறேன். அதை ஒட்டியிருக்கிற தெருப் பெயர்களைத் தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பார்த்திருக்கலாம், நாம்தான் முதல் பக்கம் படிப்பதே இல்லையே! தீனதயாளு தெரு என்றால் வானதி பதிப்பகம். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரம் வாரமாக வந்த 'பொன்னியின் செல்வ'னைப் புத்தகமாகப் போட்டவர்களில் முக்கியமானவர்கள். தணிகாசலம் ரோடு என்றால் மணிமேகலை பிரசுரம். 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணனின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் அவர்கள் அடையாளம். ஹென்ஸ்மன் ரோடு, இப்போ கண்ணதாசன் சாலை. பாட்டு எழுதிய கண்ணதாசனை நமக்குத் தெரியும், 'தென்றல்' என்று பத்திரிகை நடத்திய கண்ணதாசனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கு உஸ்மான் ரோட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிற நியூ புக் லேண்ட்ஸ், சிற்றிதழ் தேடுகிறவர்களுக்கு வருஷக்கணக்காகப் பழக்கமான முகவரி. சிற்றிதழ் என்றால் சில நூறு பிரதிகள் அச்சாகி, சம்பளப் பணத்தில் நடந்து, கடன் தாங்காமல் நிற்கிற பத்திரிகை. சி.சு.செல்லப்பா 1959ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை வந்தது. அவர் புத்தக மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றிருக்கிறார். நம்ம கேம்பஸுக்கு இப்போ மூட்டையோடு வருகிறவர்கள் கிரெடிட் கார்டு விற்கிறவர்கள்தான். 1965ல் டெல்லியில் பிறந்த 'கணையாழி'யைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட அசோகமித்திரன் இந்த தி.நகர்வாசி. அதே கணையாழியின் கடைசிப் பக்கத்தில் எழுதிய சுஜாதா, நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. எலெக்ட்ரானிக்ஸ். (இன்ஜினீயரிங் பசங்களுக்கு எழுத்து எதுக்குன்னு கேட்கிற பேராசிரியர்கள் கவனிக்க!)

பெரிய பத்திரிகைகளின் கதையும் பெரிய முதலீட்டில் தொடங்கியது இல்லை. 1926ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928ல் எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று விலை பேசியதாகச் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், எட்டுதான்!

கயிற்றில் தொங்கிய காலம்

பனகல் பார்க் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் பன்னீர் சோடா குடித்தேன். கடையின் நெற்றியில் ஒரு நைலான் கயிறு, அதில் நாலைந்து கிளிப். ஒரு காலத்தில் கயிறு தெரியாத அளவுக்கு வாரப் பத்திரிகை, மாத நாவல், ஜோசியப் பத்திரிகை என்று தொங்குமாம். இப்போ ஒரு கிளிப்பில் பத்திரிகை, மற்றதில் ஷாம்பூ பாக்கெட்.

கடைக்கார அண்ணன் கணக்கு சொன்னார். "வியாழக்கிழமை கட்டு வந்தா எழுபது காப்பி போகும். இப்ப ஏழு எடுக்கறேன். அதுலயும் ரெண்டு ரிடர்ன்." ஒரு பிரதியை அச்சடிக்க ஆகிற செலவை அட்டையில் போட்ட விலை ஈடுகட்டுவது கஷ்டம். அதில் ஏஜென்ட்டுக்கும் கடைக்கும் கமிஷன் போக வேண்டும். மிச்சத்தை விளம்பரம் தூக்கிவிடும். விளம்பரம் போனுக்குள் போய்விட்டது, வாசகர் அவருக்கு முன்னாடியே போய்விட்டார். விற்காத பிரதிகள் திரும்பி எடைக்கு. 1947ல் தொடங்கி நம்ம அப்பா அம்மாக்களை வளர்த்த அம்புலிமாமா இப்போ வருவதில்லை. 1941ல் தொடங்கிய கல்கியின் அச்சுப் பிரதி 2020 ஊரடங்கோடு நின்று, பத்திரிகை இணையத்துக்குப் போய்விட்டது.

உலகம் முழுக்க இப்படித்தானா? வியன்னாவில் எம்.எஸ். படிக்கிற எங்க சீனியருக்கு அங்கேயே நின்று ஒரு மெசேஜ் தட்டினேன். ஆஸ்திரியாவில் மொத்தமே 90 லட்சம் பேர். போதாததற்கு, பக்கத்திலிருக்கிற பெரிய ஜெர்மனியிலிருந்து அதே மொழியில் பத்திரிகைகள் வந்து குவியும். அதற்கு நடுவிலும் 'ப்ரோஃபீல்' என்ற செய்தி வார இதழ் 1970லிருந்து வருகிறது. நம்ம ஊரில் சோ 'துக்ளக்' தொடங்கிய அதே வருஷம்!

சீனியர் அனுப்பிய பதிலில் எனக்குப் பிடித்தது வேறு. அங்கேயும் பெட்டிக்கடை உண்டாம், 'டிராஃபிக்' என்று பேர். சிகரெட், பத்திரிகை, டிராம் டிக்கெட் எல்லாம் ஒரே கடையில். அந்த லைசென்ஸ் கொடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் விளக்குக் கம்பத்தில் பையில் பேப்பரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு உண்டியல் வைத்துவிடுவார்கள். காசைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைக் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். "இங்க வெச்சா உண்டியலும் போயிடும், கம்பமும் போயிடும்" என்று சிரித்தார். அப்புறம் அவரே, "பேப்பர் மட்டும் அப்படியே இருக்கும்" என்றார். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது தெற்கு போக் ரோடு வழியாக வந்தேன். இப்போ செவாலியே சிவாஜி கணேசன் சாலை. சிக்கல் சண்முகசுந்தரமாக நாயனம் வாசித்தவரின் 'அன்னை இல்லம்' அங்கேதான். வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்தேன். பாட்டியிடம் காட்ட அது ஒன்றுதான் கையில் இருந்தது.

அந்த வாரம்

"கிடைக்கலை பாட்டி. வேணும்னா முழுக் கதையும் புக்கா வாங்கித் தரேன்."

"கதை எனக்குத் தெரியாதாடா?" என்றார் பாட்டி. சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். அந்த விட்டுப்போன அத்தியாயம், வசனத்தோடு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பக்கம் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

"தொலையல. அந்த வாரம் வாங்கவே இல்ல. எங்க அப்பா ரைஸ் மில்லுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு. அந்த மாசம் சம்பளம் வரலை. பால்காரருக்கே பாக்கி. விகடனுக்கு எங்க போறது? போஸ்ட்மாஸ்டர் வீட்டு அம்மா அரை மணி நேரம் இரவல் குடுத்தாங்க. எங்கம்மா அங்க திண்ணையிலயே உக்காந்து படிச்சுட்டு வந்து, ராத்திரி எங்க அஞ்சு பேருக்கும் சொன்னாங்க. ஒரு வரி விடலை."

"அப்புறம் எதுக்கு என்னைத் தேடச் சொன்னீங்க?"

பாட்டி புத்தகத்தைப் புரட்டி, அந்த வாரம் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். "கதையைச் சொல்லிட்டாங்க. படத்தை எப்படிச் சொல்லுவாங்க? அந்த வாரம் கோபுலு என்ன போட்டிருந்தாருன்னு நான் பாக்கவே இல்லயே."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனை எடுத்து 'அன்னை இல்லம்' போட்டோவைக் காட்டினேன். "கேட்டுதான் தெரியுது" என்றார்.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும், 1994லிருந்து சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. இப்போ அது தரமணியில். அடுத்த சனிக்கிழமை மாடல் எக்ஸாம், அதற்கு அடுத்த சனிக்கிழமை அங்கே போகிறேன். உங்க வீட்டுப் பரணில் 1957, 58 விகடன் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னாடி எங்க ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்க. நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். கிழிக்க மாட்டேன், சத்தியமா. ஒரே ஒரு போட்டோ!